மாநிற முகத்தை ஆயில் பெயின்டில் வரைந்தால் ஏன் சுண்ணாம்பு பூசியது போல ஆகிறது?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக: வீடு சேலம் அஸ்தம்பட்டியில். பென்சில் ஷேடிங்கில் கை தேர்ந்தவர். தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் அவரை 16×20 அங்குலக் கேன்வாஸில் ஆயில் பெயின்டில் வரைந்து கொடுக்க ஆசை. இரண்டு முறை முயன்றாயிற்று. ஒன்றில் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து நிற்கிறது, மற்றதில் நிழலெல்லாம் சேறு. இரண்டாவது படத்தை ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் வைத்து வரைந்ததில், மூன்று வாரமாகியும் தொட்டால் ஒட்டுகிறது. புரட்டாசி பிறந்துவிட்டது, நேரம் போதுமா என்பது கடைசிக் கேள்வி.

நேரம் போதும். ஆனால் கார்த்திகை முடிவதற்குள் கடைசிக் கோட் முடிந்திருக்க வேண்டும். மார்கழி முழுக்கக் காய்வதற்கு விட வேண்டும்.

வெளுப்பு, சேறு இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நிறத்தைத் தேடிக்கொண்டே போவதில் டோன், அதாவது வெளிச்ச-இருட்டு அளவு, கைவிட்டுப் போகிறது. வெறும் பென்சிலில் அப்பாவை அப்பாவாகவே காட்ட உங்களால் முடிகிறது. ஆக முகச்சாயலைத் தருவது எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற கணக்குத்தான். பெயின்டிலும் அதே கணக்கை முதலில் முடித்துவிட்டு, அதன் மேல்தான் நிறத்தை ஏற்ற வேண்டும். ஒட்டுகிற பிரச்சினை தனிக் கதை. அது எண்ணெயும் ஈரமும் சம்பந்தப்பட்டது, பின்னால் வருகிறேன்.

முதலில் போட்டோ. பெரும்பாலான படங்கள் பிரஷ் தொடும் முன்பே கெடுவது இங்கேதான். பாஸ்போர்ட் போட்டோவை வைத்து வரையாதீர்கள். ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்து நிழலையெல்லாம் துடைத்துவிட்டிருக்கும், மூக்கு எங்கே எழுகிறது, கன்னம் எங்கே விழுகிறது என்று அதில் தெரியாது. செல்போனைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து எடுத்த படமும் ஆகாது. கிட்டத்தில் இருக்கும் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒடுங்கிவிடும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, 2x ஜூமில் எடுங்கள். அப்பாவை ஜன்னலிலிருந்து மூன்றடியில், வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் சாய்வாக மேலிருந்து விழும்படி உட்கார வையுங்கள். மற்ற ஜன்னல்களை மூடுங்கள், ட்யூப்லைட்டை அணையுங்கள். நிழல் பக்கம் ரொம்பக் கறுத்தால் அந்தப் பக்கம் நாலடி தள்ளி ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் போதும். மேகமில்லாத காலை பத்து மணிக்கு ஐம்பது படம் எடுத்து, நிழலுக்குள்ளும் விவரம் தெரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேட் தாளில் பிரின்ட் போடுங்கள். போன் திரையைப் பார்த்தே வரைந்தால் திரையின் பிரகாசத்தைப் பெயின்டில் பிடிக்கப் போய் வெள்ளையை அள்ளிக் கொட்டுவீர்கள். முகம் வெளுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜன்னல் பற்றி இன்னொன்று. ‘வடக்கு ஜன்னல் வெளிச்சமே ஓவியனுக்கு உகந்தது, அதில் நேர் வெயில் விழாது’ என்று புத்தகங்களில் இருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. சேலம் ஏறத்தாழ 11.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அப்போது வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். உங்களுக்கு இந்த முறை கவலையில்லை, புரட்டாசியிலிருந்து மார்கழி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க நிலையாக இருக்கும். கோடையில் வரைய நேர்ந்தால் ஜன்னலுக்கு பட்டர் பேப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள். ராத்திரியில்தான் நேரம் கிடைக்கும் என்றால் 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்.இ.டி. வாங்குங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாம் சூடாகத் தெரியும், அதைச் சரிக்கட்ட நீலம் சேர்ப்பீர்கள், காலையில் பார்த்தால் அப்பா குளிரில் விறைத்தவர் போல இருப்பார். ஏற்காட்டில் வேறு விதமான சிக்கல். மூடுபனி இறங்கினால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமமாக வரும், முகத்தில் நிழலே விழாது. வரைவதற்கு அந்த வெளிச்சம் மோசமில்லை, போஸ் கொடுக்க வைத்துப் போட்டோ எடுக்கத்தான் ஆகாது.

கேன்வாஸ் ரெடிமேடாக வாங்கினாலும் அதன் மேல் இன்னும் இரண்டு கோட் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) அடியுங்கள். ஒன்று குறுக்கே, காய்ந்ததும் மற்றது நெடுக்கே. பிறகு 320 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் துணியின் முரடு அடங்கும். முகத்துக்கு முரட்டு நெசவு ஆகாது, கண் இமைக் கோடு மேடு பள்ளத்தில் துள்ளித் துள்ளிப் போகும். காசு மிச்சம் என்று சுவர் பிரைமர், வால் புட்டி அடிக்க வேண்டாம். அவை சுவரின் விறைப்புக்காகச் செய்தவை, தொய்ந்து கொடுக்கும் துணியில் விரிசல் விடும். வெறும் துணியில் நேராக ஆயில் பெயின்ட் பட்டால் நாளடைவில் துணி இற்றுப்போகும். ஊர்க்காரர் என்பதால் ஒரு உபரிச் செய்தி: நம் நகரமலைப் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூள் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் அதை எண்ணெயில் குழைத்தால் வெண்மையில் பெரும்பகுதி போய் மங்கிய குழம்பாகிவிடும். கல்லும் எண்ணெயும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் வருவது அது. டைட்டானியம் ஒளியை மிக அதிகமாக வளைக்கிறது, அதனால்தான் எண்ணெயிலும் வெள்ளையாகவே நிற்கிறது.

வெள்ளை டியூப் வாங்கும்போது பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம். பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாகம், ஆயிலில் அது வருடங்கள் போகப்போக நொறுங்கும் தன்மை கொண்டது. கூடியவரை 6 மட்டும் உள்ளதாகப் பாருங்கள். மற்ற நிறங்களில் எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரா அம்பர், அல்ட்ராமரின் ப்ளூ, காட்மியம் ரெட், ஐவரி பிளாக். ஏழு போதும். வெள்ளை 40 மி.லி. ஒன்று, மற்றவை 20 மி.லி. வாங்கினால் இந்த அளவுப் படத்துக்கு மிஞ்சும். ‘ஃபிளெஷ் டின்ட்’ என்று ஒரு டியூப் விற்பார்கள், நம் முகத்துக்கு அதற்கு வேலையே இல்லை. அலிசரின் கிரிம்சனின் பழைய வகை மெல்லிய பூச்சில் வெளுத்துப் போகும், வேண்டுமென்றால் ‘பெர்மனன்ட்’ என்று போட்டதை எடுங்கள். பிரஷ்ஷில் ஹாக் ஹேர் (பன்றி முடி) ஃபிளாட் 4, 6, 8, 10, ஃபில்பர்ட் (நுனி வளைந்த தட்டை பிரஷ்) 4, 6, மென்மையான சின்தெடிக் ரவுண்ட் 1, 2. லைட்டுக்குத் தனி, நிழலுக்குத் தனி என்று பிரித்து வைக்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்கெட்ச் பற்றி உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை. போட்டோவை 4×5 அங்குலமாக வெட்டி அரை அங்குலக் கட்டம் போடுங்கள், கேன்வாஸில் இரண்டு அங்குலக் கட்டம். இரண்டிலும் எட்டுக்குப் பத்து, சரியாகப் பொருந்தும். பழைய சினிமா பேனர்களும் இந்தக் கட்டத்தில் எழுந்தவைதான், கூச்சப்பட ஒன்றுமில்லை. தாடையிலிருந்து உச்சி வரை எட்டு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். உயிர்ப்பரிமாணத்தைவிடச் சற்றே சின்னதாக இருந்தால்தான் சுவரில் தலை இயல்பாகத் தெரியும், நிஜ அளவைத் தாண்டினால் மிரட்டும். கோட்டை கரித்துண்டில் போட்டு, உதறிவிட்டு, டர்பன்டைனில் கரைத்த ரா அம்பரால் மேலே எழுதுங்கள். பென்சில் கோடு மெல்லிய லைட் பூச்சின் கீழ் பல வருஷம் கழித்தும் மேலே தெரியும்.

அதற்கு முன், வெள்ளைக் கேன்வாஸின் வெண்மையைக் கொல்ல வேண்டும். ரா அம்பரும் ஒரு துளி சியன்னாவும் டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து முழுக்கப் பூசி, பழைய பனியன் துணியால் துடைத்தால் நடுத்தரப் பழுப்பு நிற்கும். வெள்ளைத் தரையில் எந்த நிறமும் இருண்டதாகவே தெரியும், பயந்து வெளுக்க வைப்போம். இந்தப் பழுப்பின் மேல் அப்பாவின் மாநிறம் எங்கே நிற்கிறது என்று உடனே பிடிபடும். பேலட்டையும் அதே பழுப்பில் வையுங்கள், கண்ணாடித் துண்டின் அடியில் பிரவுன் தாள் ஒட்டினால் ஆயிற்று.

அடுத்தது ஒற்றை நிறப் படம். ரா அம்பரும் டர்பன்டைனும் மட்டும், எண்ணெய் இல்லை, வெள்ளையும் இல்லை. நிழலைப் பூசுங்கள், லைட்டைத் துணியால் துடைத்து எடுங்கள். இரண்டரை மணி நேரத்தில் முகம் எழுந்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அப்பா தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நிறம் போட்டாலும் தெரிய மாட்டார். துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள், இங்கே செலவழிக்கும் ஒரு நாள் பின்னால் ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கும். போட்டோவையும் படத்தையும் தலைகீழாக வைத்துப் பார்ப்பதும், கண்ணாடியில் பார்ப்பதும் கோணலைக் காட்டிக்கொடுக்கும். இது இரண்டு நாளில் தொடும் அளவுக்குக் காயும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் காயும் வகை, அடிப்பூச்சுக்கு அதைச் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஐவரி பிளாக்கை அடியில் பூசாதீர்கள், அது எண்ணெய் அதிகம் குடித்து மெதுவாகக் காயும்.

இப்போது நிறம். ‘வெள்ளை, சிவப்பு, கொஞ்சம் ஓக்கர்’ என்று புத்தகம் சொல்லும் கலவை வெளிநாட்டு முகத்துக்கு எழுதியது. அங்கே கலவையில் பாதிக்கு மேல் வெள்ளை. நம் முகத்தில் அப்படிப் போட்டால் சுண்ணாம்பு. டைட்டானியம் நிறத்தை வெளுக்க வைப்பதோடு நிற்பதில்லை, அதன் சூட்டையும் செறிவையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். மாநிறத்தின் உயிர் மிடில் டோனில் இருக்கிறது. லைட் படும் கன்னத்துக்கும் நிழலுக்கும் நடுவே உள்ள பட்டையில்தான் நிறம் அதிகச் செறிவோடு நிற்கும். அதற்கு மேலே போகும்போது முதலில் ஓக்கரையும் சிவப்பையும் கொண்டு ஏற்றுங்கள், வெள்ளை கடைசியில் வரட்டும். உச்சியில் வரும் ஹைலைட் தோலின் நிறமே கிடையாது, அது தோலின் எண்ணெய்ப்பசையில் தெரியும் ஜன்னலின் பிம்பம், அதனால் கொஞ்சம் நீலம் ஓடும். கறுத்த தோலில் அந்த ஹைலைட் சின்னதாக, கூராக இருக்கும். மூக்கு நுனி, நெற்றி மேடு, கீழ் உதட்டில் ஒரு புள்ளி. அதைப் பரவலாகப் பூசினால் வேர்த்து வழிகிற முகம்.

ஐந்து குவியல் கலந்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலப்பதால்தான் டோன் அலைகிறது. ஆழ்நிழல்: பர்ன்ட் அம்பர் 2 பங்கு, அல்ட்ராமரின் 1, பர்ன்ட் சியன்னா 1, வெள்ளை அறவே கூடாது. நிழல்: சியன்னா 2, அம்பர் 1, ஓக்கர் அரை, அல்ட்ராமரின் அரை. மிடில் டோன்: சியன்னா 2, ஓக்கர் 2, வெள்ளை முக்கால், அல்ட்ராமரின் கால். லைட்: மிடில் டோன் குவியலில் 2 பங்கு எடுத்து, ஓக்கர் 1, வெள்ளை 1, காட்மியம் ரெட் கடுகளவு. ஹைலைட்: லைட் 1, வெள்ளை 1, அல்ட்ராமரின் ஊசி முனையளவு. மிடில் டோன் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, மற்றவை அதில் பாதி. கம்பெனிக்குக் கம்பெனி டியூபின் வீரியம் மாறும், எனவே கலந்த ஐந்தையும் போனில் கறுப்பு-வெள்ளையில் படம் பிடித்து, அதே போலக் கறுப்பு-வெள்ளையாக்கிய அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தும் படிப்படியாக இறங்க வேண்டும், இரண்டு ஒன்றுபோலத் தெரிந்தால் ஒன்றைத் திருத்துங்கள்.

இந்த ஐந்தை முகம் முழுக்க ஒரே மாதிரி பூசினாலும் பொம்மை முகம்தான். நெற்றியில் ஓக்கர் தூக்கல். கன்னம், மூக்கு, காது ரத்தம் ஓடும் இடம், சியன்னாவும் சிவப்பும் கூடட்டும். சவரம் செய்த தாடையில் ஐவரி பிளாக்கும் ஓக்கரும் கலந்தால் வரும் பச்சை ஓடிய சாம்பலைக் கொஞ்சம் சேருங்கள். அறுபது வயது என்பதால் நரைமுளையும் இருக்கும், அதை முடி முடியாக வரைய வேண்டாம், அந்தச் சாம்பலே காட்டும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் நம்மவர்க்குத் தோல் இருண்டு ஊதா ஓடும், நிழல் குவியலில் இன்னும் கொஞ்சம் அல்ட்ராமரின் போட்டால் கிடைக்கும். இதை விட்டுவிட்டு எல்லா இடத்தையும் ‘கலராக’ ஆக்கி, வயதைக் குறைத்துக் காட்டும் ஸ்டுடியோ டச்சப் வேலையை அப்பாவுக்குச் செய்யாதீர்கள், பார்ப்பவர்கள் ‘நல்லாயிருக்கு, ஆனா அவர் மாதிரி இல்லையே’ என்பார்கள்.

சேறு எப்படி வருகிறது என்றால், லைட்டில் கறுப்பைக் கலந்து நிழல் செய்வது, நிழலில் வெள்ளையை விடுவது, ஒரே கலவையில் நாலைந்து டியூபைப் பிழிவது, ஈர லைட்டையும் ஈர நிழலையும் ஒரே பிரஷ்ஷால் இழைத்து இழைத்துத் தேய்ப்பது. பென்சிலில் விரலால் தேய்த்துப் பழகியவர்களுக்குக் கடைசிப் பழக்கம் தானாக வரும். ஆயிலில் இரண்டு டோனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் மூன்றாவது டோனை ஒரு தீற்றலாக வைத்து விட்டுவிடுங்கள், ஆறடியிலிருந்து பார்த்தால் தானாக இணையும். ஃபேன் பிரஷ்ஷால் முகம் முழுக்க வருடினால் மெழுகுச் சிலை. நிழல் மெல்லிசாக, அடிப்பழுப்பு ஊடுருவித் தெரியும்படி இருக்கட்டும், லைட்டில் பெயின்ட் கனமாக நிற்கட்டும்.

ஓரங்களையும் கவனியுங்கள். நிழல் பக்கத் தாடை கழுத்தில் கரையும் இடம், நரைத்த முடி பின்னணியைத் தொடும் இடம் இவற்றில் கோடே இருக்கக்கூடாது, ஈரத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் ஒரு முறை குறுக்கே இழுத்துத் தொலைத்துவிடுங்கள். லைட் பக்கக் கன்ன எலும்பும் மூக்கின் நிழல் விளிம்பும் மட்டும் கூர்மையாக நிற்கலாம். எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருந்தால் முகத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

கண்ணில் செய்யும் தவறு எல்லோருக்கும் பொதுவானது, வெள்ளையை வெள்ளையாகப் போடுவது. மேல் இமையின் நிழல் விழியின் மேல் விழுவதால் கண்ணின் வெள்ளை பெரும்பாலும் லைட் குவியலைவிட இருண்டே இருக்கும். வெள்ளையில் அம்பரும் ஒரு பொட்டு அல்ட்ராமரினும் கலந்த சாம்பல் போதும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் திடுக்கிட்டவர் பார்வை, அதன் மேல் பகுதியை இமை மூடியிருக்கும். நம்மவர் கருவிழி கறுப்பாகத் தோன்றினாலும், பளிச்சென்ற புள்ளி மேல் இடப்பக்கம் இருந்தால் எதிரே கீழ் வலப்பக்கம் சியன்னா ஒளிரும். அந்தப் பழுப்பைப் போட்ட கணத்தில் கண் நனைந்ததாகிவிடும். கீழ் இமைக்குத் தடிமன் உண்டு, அதன் ஈர விளிம்பில் மெல்லிய லைட் கோடு. பளிச்சென்ற புள்ளி ஒரு கண்ணுக்கு ஒன்று, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில்.

அப்பா கண்ணாடி போடுபவர் என்றால் ஃபிரேமை மட்டும் வரைந்தால் ஒட்டவே ஒட்டாது. கிட்டப்பார்வைக் கண்ணாடியில் கன்னத்தின் ஓரக்கோடு லென்ஸுக்குள் உள்பக்கமாக நகர்ந்து தெரியும், படிக்கும் கண்ணாடியில் வெளிப்பக்கமாக நகரும். அந்த உடைவை வரைந்தால் கண்ணாடி தானாக வந்துவிடும், ஃபிரேமை முழுக் கோடாக வரையாமல் ரெண்டு மூன்று இடத்தில் விட்டு விட்டுப் போடலாம்.

விபூதி. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நிறைய பேர் இங்கே டியூப் வெள்ளையில் மூன்று பட்டை இழுத்து, பிளாஸ்டர் ஒட்டியது போல ஆக்கிவிடுகிறார்கள். விபூதி நெற்றியின் வளைவோடு போகிறது, எனவே நெற்றி எங்கே நிழலுக்குத் திரும்புகிறதோ அங்கே விபூதியும் திரும்ப வேண்டும். நெற்றி நன்றாகக் காய்ந்த பிறகு, வெள்ளையில் அம்பர் கொஞ்சம் கலந்து, முரட்டு ஹாக் ஹேர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்து ஏறக்குறைய உலர்ந்ததாக்கி, பெயின்ட் ஒட்டியும் ஒட்டாமலும் இழுங்கள். நெற்றிச் சுருக்கத்தின் பள்ளத்தில் அது விழாது, மேட்டில் மட்டும் ஒட்டும், நிஜ விபூதியும் அப்படித்தான் நிற்கிறது. நிழல் பக்கத்து முனைக்கு நிழல் குவியலில் சாம்பல் கலந்து பூசுங்கள். சந்தனம், குங்குமம் மட்டும் கனமாக இருக்கலாம்.

தோளில் சேலம் வெண்பட்டு அங்கவஸ்திரம் போட்டு வரைவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை, வெள்ளைத் துணி முகத்தின் மாநிறத்தை எடுத்துக் காட்டும். ஆனால் துணியின் பெரும்பகுதி வெள்ளை டியூபைத் தொடக்கூடாது. ஓக்கர் ஓடிய சாம்பல் ஒரு பக்கம், அல்ட்ராமரின் ஓடிய சாம்பல் மறுபக்கம் என்று இரண்டில் மடிப்பைக் கட்டி, மடிப்பின் முதுகில் மட்டும் வெள்ளை. பருத்தியில் லைட்டும் நிழலும் மெதுவாக மாறும், பட்டில் திடீரென்று மாறும், பட்டுத்தன்மை அந்தத் திடீரில் இருக்கிறது. சரிகைக் கரைக்கு ஓக்கரும் அம்பரும் கலந்து ஒரு பட்டை, அதில் நாலைந்து இடத்தில் வெளிர் மஞ்சள் தீற்றல். இழை இழையாக வரைந்தால் கண் அங்கேயே போய்ச் சிக்கிக்கொள்ளும், முகத்துக்கு வராது.

இனி காய்வது. ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றுவது போல வற்றிக் காய்வதில்லை, ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. சூடும் வெளிச்சமும் காற்றோட்டமும் அதை விரைவாக்கும், குளிரும் ஈரமும் தாமதமாக்கும். சேலத்தில் மூன்று நாளில் ஒட்டாமல் போகும் பூச்சு, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே உள்ள ஏற்காட்டில், மழை நாளில், இரண்டு மடங்கு நாள் எடுத்தால் ஆச்சரியமில்லை. ஆனால் மூன்று வாரம் ஒட்டுகிறது என்றால் வெறும் குளிர் மட்டும் காரணமாக இருக்காது. பிரஷ்ஷைத் தேங்காய் எண்ணெயில் கழுவினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் காயாத வகை எண்ணெய், பிரஷ் வேரில் தங்கியது பெயின்டோடு கலந்தால் அந்த இடம் மாதக்கணக்கில் ஒட்டும். எண்ணெயை அளவில்லாமல் ஊற்றியிருந்தாலும் இதே கதி. அந்தப் படத்தைச் சேலத்துக்குக் கொண்டுவந்து, வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில், நேர் வெயில் படாமல், இரண்டு வாரம் வையுங்கள். அதன் பிறகும் ஒட்டினால் அதன் மேல் திருத்தி வரைய வேண்டாம், புதுக் கேன்வாஸ் எடுங்கள். ஒட்டுகிற அடிப்பூச்சின் மேல் போட்டது விரியும். மொட்டை மாடி வெயிலில் வைத்துக் காய வைக்கும் யோசனையும் வேண்டாம், மேலே மட்டும் ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று, தோல் சுருங்கியது போலச் சுருங்கிவிடும். பீரோவில் பூட்டி வைப்பதும் தப்பு, இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அதில் பெருமளவு தெளியும் என்பது ஆறுதல்.

மீடியம், அதாவது பெயின்டைத் தளர்த்தச் சேர்க்கும் எண்ணெய்-டர்பன்டைன் கலவை, அதன் கணக்கு எளிது. அடிப்பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும். முதல் நிறக் கோட்டுக்கு எண்ணெய் 1, டர்பன்டைன் 3. கடைசிக் கோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முதலில் இறுகி, கீழே இருப்பது நகர, விரிசல் விழும். எண்ணெய் ஓவியக் கடையில் விற்கும் சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெயாக இருக்கட்டும். ஹார்டுவேர் கடையின் டபுள் பாயில்டு மரச்சாமானுக்கு, அது சீக்கிரம் மஞ்சளிக்கும். அங்கே கிடைக்கும் மினரல் டர்பன்டைனை பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். என்.சி. தின்னர் எதற்கும் வேண்டாம், அடிப்பூச்சையே கரைத்துவிடும். ஒரு கோட் காய்ந்ததும் இருண்ட பகுதிகள் மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் பயந்து திரும்பக் கறுப்படிக்காதீர்கள், எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது. மீடியத்தைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் நிறம் திரும்பும், அதன் மேல் தொடரலாம்.

ஒரு அபாயம் மறக்காமல்: எண்ணெயும் டர்பன்டைனும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின்னில் போட்டு வையுங்கள், அல்லது விரித்துக் காயப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

நாள் கணக்கு: புரட்டாசியில் போட்டோ, ஜெஸ்ஸோ, ஸ்கெட்ச், ஒற்றை நிறப் படம். ஐப்பசியில் முதல் நிறக் கோட், பின்னணியையும் அன்றே சேர்த்துப் போடுங்கள், முகத்தை முடித்துவிட்டுப் பின்னணி போட்டால் டோன் எல்லாம் மாறித் தெரியும். மழை நாளில் பத்து நாள் காயட்டும். கார்த்திகையில் இரண்டாம் கோட், கண், விபூதி, சரிகை. ஒரு தடவைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், அதற்கு மேல் கண் பழகிப்போய் தவறு தெரியாது. சித்தப்பா வீட்டில் வரைந்து கீழே கொண்டுவர நேர்ந்தால், இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஈரப்படம் எதிலும் உரசாமல் இருக்க வேண்டும். கேன்வாஸின் நாலு மூலையிலும் ஒரு அங்குல மரத்துண்டு வைத்து, அதன் மேல் அட்டையைக் கட்டினால் பெயின்டை எதுவும் தொடாது. மலை ஈரத்தில் துணி தளர்ந்து போயிருந்தால், கட்டையின் மூலையில் உள்ள ஆப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டி இறுக்குங்கள்.

கல்யாணத்தன்று படம் பளபளப்பாக இருக்க வேண்டுமென்றால் மார்கழி கடைசியில் ரீடச் வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட் அடிக்கலாம், அது காற்றை விடும், உள்ளே காய்வதைத் தடுக்காது. கண்ணாடி போட வேண்டாம், ஃபிரேம் மட்டும் போதும். பூஜை அறைக்கு எதிரே மாட்டினால் கற்பூரப் புகையும் விளக்குப் புகையும் படியும், கூடத்தில் வெயில் நேராக விழாத உள்சுவர் நல்லது. உண்மையான வார்னிஷ் ஆடிக்குப் பிறகுதான், கனமாகப் பூசிய இடங்கள் இருந்தால் அடுத்த தை வரை பொறுப்பது இன்னும் நல்லது. காது குடையும் பஞ்சுக்குச்சியை டர்பன்டைனில் தொட்டு, அங்கவஸ்திரத்தின் கனமான வெள்ளையில் ஓரமாக மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் ஒரு மாதம். ஏறவில்லை என்றால் படத்தைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு அங்குல அகலப் பிரஷ்ஷால் ஒரே திசையில் அடித்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.